சில்லிட்ட கையும் எர்த் கம்பியும்

பீடி சுற்றும் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் பாடு தெரியும். மடியில் சுளகு. அதில் ஒரு பக்கம் வெட்டிய இலை, ஒரு பக்கம் தூள். இலையை இடக்கையில் விரித்து, தூளைக் கிள்ளிப் பரப்பி, பெருவிரலும் ஆள்காட்டி விரலுமாக உருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்கிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார்கள். நாளைக்கு ஆயிரம் பீடி என்றால் ஆயிரம் உருட்டல், ஆயிரம் மடக்கல். ஆலங்குளத்திலும் முக்கூடல், பாவூர்சத்திரம், கடையம் பக்கங்களிலும் எத்தனையோ வீட்டில் அடுப்பெரிவது இந்தக் கையால்தான்.

அந்தக் கைகள்தான் என் கிளினிக்குக்கு வருகின்றன. "ராத்திரி ரெண்டு மணிக்கு கை மதமதன்னு ஆயிருது டாக்டரம்மா. எந்திச்சு உதறுனாத்தான் உசுரு வருது" என்று ஒருத்தர் சொன்னால் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்குப்படுகிறது. ஆனால் எவ்வளவு நெருக்குப்பட்டிருக்கிறது, பட்டை போட்டால் போதுமா, அறுவை சிகிச்சைக்கு அனுப்ப வேண்டுமா, கழுத்து எலும்பிலிருந்து வருகிற தொந்தரவும் கூடச் சேர்ந்திருக்கிறதா, சர்க்கரை எல்லா நரம்பையும் தின்றுகொண்டிருக்கிறதா என்கிற மீதிப் பாதிக்கு நரம்பு டெஸ்ட் வேண்டும். என்.சி.எஸ். என்கிற நரம்புக் கடத்தல் சோதனையும், தேவைப்பட்டால் இ.எம்.ஜி. என்கிற தசைச் சோதனையும்.

நான் பி.எம்.ஆர்., அதாவது மறுவாழ்வு மருத்துவம் படித்தவள். படிக்கும் காலத்தில் இந்தச் சோதனையைக் கையில் பழகியிருந்தேன். ஊருக்கு வந்து கிளினிக் போட்டபோது மெஷின் வாங்கப் பணம் இல்லை. திருநெல்வேலிக்கு எழுதிக் கொடுப்பேன். போய்வர ஒரு பகல் ஆகும். ஒரு பகல் என்றால் ஒரு நாள் பீடி. சீட்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் போகவில்லை. ஆறு மாதம் கழித்து, பெருவிரல் மேட்டுச் சதை குழி விழுந்த பிறகு, அதே சீட்டை மடித்தபடி எடுத்துக்கொண்டு வருவார்கள். அப்படி மூன்றாவது ஆளைப் பார்த்த அன்று, கடன் வாங்கியாவது ஒரு மெஷின் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். கையில் தூக்கிப்போகிற மாதிரி சின்னதாக வேண்டும் என்பதும் அப்போதே தீர்மானம். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஊர்களுக்குப் போகும்போது கூடவே வர வேண்டும்.

அதை வாங்கியதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கிற எவருக்காவது இது ஒரு லட்சம் ரூபாயையும் ஒரு வருடத்தையும் மிச்சப்படுத்தும்.

முதல் தப்பை மதுரையில் செய்தேன். ஒரு ஓட்டல் அரங்கில் மெஷினைக் காட்டினார்கள். விற்பனைக்கு வந்த தம்பி தன் உதவியாளரின் கையை நீட்டச் சொல்லி எலக்ட்ரோடுகளை ஒட்டினார். இருபத்தைந்து வயசுக் கை, ஊளைச் சதை இல்லை, தோலில் வெடிப்பு இல்லை, அறையில் ஏ.சி. அளவாக ஓடுகிறது. பாடப் புத்தகத்தில் வரைந்த மாதிரி அலை வந்தது. நான் அந்த அலையைப் பார்த்தே மனசுக்குள் வாங்கிவிட்டேன். அந்தக் கையில் எந்த மெஷினும் அப்படித்தான் அலை காட்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. நல்லவேளை, இரண்டு வாரம் கிளினிக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள்.

ஆலங்குளத்தில் என் அறையில் போட்ட முதல் நாள், திரை முழுக்க ஒரே அதிர்வு. அலைக்கு மேல் அலை, சீப்புப் பல் மாதிரி. முதல் வேலையாக அந்தப் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்தேன். 20 மில்லி விநாடி. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. ஆக இது நரம்போ தசையோ இல்லை, கரண்டு. இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் மெஷின்காரரோடு பாதிச் சண்டை மிச்சமாகும்.

பிறகு ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். மின்விசிறியின் ரெகுலேட்டரை அணைத்ததும் கொஞ்சம் குறைந்தது. பழைய டியூப் லைட்டை அணைத்ததும் இன்னும் கொஞ்சம். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டியபோது பாதிக்கு மேல் போய்விட்டது. இன்வெர்ட்டரில் ஓடும் நேரத்தில் மட்டும் பேய் பிடித்த மாதிரி ஆடியது. விசாரித்தால் அது சைன் வேவ் இல்லாத மலிவு ரகம். இவ்வளவுக்குப் பிறகும் அடியில் ஒரு முனகல் இருந்துகொண்டே இருந்தது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். அவர் மீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தார். 11 வோல்ட். சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யம்மா, எர்த் கம்பி போர்டு வரைக்கும் வந்திருக்கு. அதுக்கு அங்கிட்டு எங்கயும் போகலை."

பச்சைக் கம்பி பெட்டிக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கட்டடம் கட்டிய நாளிலிருந்து அந்த அறைக்கு எர்த்தே இல்லை. பின்புறம் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, புதுக் கம்பி இழுத்தோம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2 வோல்ட்டுக்குக் கீழே வந்தது. திரை அடங்கிவிட்டது. கோடையில் அந்தக் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது இன்றைக்கும் என் உதவியாளரின் வேலைகளில் ஒன்று. நம் பக்கத்துக் கல்லும் சரளையுமான மண்ணில் ஈரம் காய்ந்தால் எர்த்தும் காய்ந்துவிடும்.

ஆகவே மெஷின் தேடுவதற்கு முன் எலக்ட்ரீசியனைத் தேடுங்கள். மீட்டர் வைத்துப் பார்க்க அவருக்குப் பத்து நிமிடம் ஆகாது. எர்த் இல்லாத அறையில் எந்த மெஷினை வைத்து எதோடு ஒப்பிட்டாலும் பயன் இல்லை. நோயாளியின் உடம்பில் கம்பி ஒட்டுகிற சாதனம் இது. அலை சுத்தமாக வருவதற்கு மட்டுமல்ல, அவருடைய பாதுகாப்புக்கும் எர்த்தே அடிப்படை. இந்த வகைக் கருவிகளுக்கென்றே ஐ.இ.சி. 60601-2-40 என்று ஒரு பாதுகாப்புத் தரம் இருக்கிறது. அதற்கான சான்றைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். கேட்டால் கொடுக்கத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

சில விற்பனையாளர்கள் இந்த 50 ஹெர்ட்ஸ் முனகலுக்கு ஒரு பொத்தான் காட்டுவார்கள். நாட்ச் ஃபில்ட்டர். அழுத்தியதும் திரை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அது கரண்டோடு சேர்த்து அந்த அலைவரிசையில் உள்ள நரம்பின் அலையையும் கொஞ்சம் வெட்டும், சில நேரம் இல்லாத ஒரு சிற்றலையை வரைந்தும் வைக்கும். செயல்விளக்கத்தின்போது அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சத்தம் அடங்கிய பிறகுதான் மெஷினின் தரம் தெரிய ஆரம்பித்தது. அதே சமயம் வேறொரு நிறுவனத்தின் மெஷினும் ஒரு வாரத்துக்கு வந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, ஒரே நாளில், ஒரே ஆளுக்குப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஆளும் சுலபமான ஆளாக இருக்கக் கூடாது.

எழுபதை நெருங்கிய ஒரு ஆச்சி. இருபது வருடச் சர்க்கரை. கணுக்கால் இரண்டும் நீர் கோத்து வீங்கியிருக்கும். பாதத்தில் வெடிப்பு. "மெத்தையில மிதிச்ச மாதிரி இருக்குத்தா" என்று சொல்லிக்கொண்டு வருவார். விவரம் சொல்லிக் கேட்டேன். "ஷாக் அடிக்குமோ?" என்றார். "சுண்டிவிட்ட மாதிரி இருக்கும் ஆச்சி, வேண்டாம்னா நிறுத்திருவேன்" என்றேன். "நீ நல்லாப் பாரு, நான் கிடக்கேன்" என்று படுத்துக்கொண்டார்.

வெளிக்கணுக்காலுக்குப் பின்னால் போகிற சூரல் நரம்பு உணர்ச்சி நரம்பு. அதன் அலை மைக்ரோ வோல்ட் கணக்கில்தான் இருக்கும். நல்ல காலிலேயே 6 மைக்ரோ வோல்ட் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்கிறோம். கைப் பெருவிரல் மேட்டுத் தசையின் அலை 4 மில்லி வோல்ட்டுக்கு மேல் வரும். ஒன்றுக்கொன்று ஆயிரம் மடங்குக்குக் கிட்ட வித்தியாசம். தசை அலையை எந்த மெஷினும் காட்டிவிடும். சர்க்கரைக் காலில் சூரல் அலையைக் காட்டுகிறதா என்பதில்தான் ஆம்ப்ளிஃபயரின் குணம் தெரியும்.

முதல் மெஷினில் இருபது தடவை தூண்டிச் சராசரி எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. அலை இல்லை என்றே எழுதியிருப்பேன். இரண்டாவதில், எட்டாவது சராசரியிலேயே ஒரு சின்ன மேடு எழும்பியது. பன்னிரண்டாவதில் நின்றுவிட்டது. 3 மைக்ரோ வோல்ட். எலக்ட்ரோடைக் கழற்றி மாட்டித் திரும்பவும் எடுத்தேன். அதே இடத்தில் அதே 3. நரம்பு செத்துவிட்டது என்பதற்கும், நலிந்திருக்கிறது என்பதற்கும் எவ்வளவு தூரம்! அதை அந்த ஆச்சியின் கால் காட்டிக் கொடுத்தது. இரண்டாவது மெஷினை வாங்கினேன். விலை கொஞ்சம் கூடுதல், பெட்டி அவ்வளவு அழகில்லை, திரையில் வண்ணம் குறைவு.

இங்கே சராசரி எடுப்பது பற்றி ஒரு நுணுக்கம். பதினாறு தடவை சராசரி எடுத்தால் தற்செயலான இரைச்சல் நாலில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் விநாடிக்குச் சரியாக ஒரு தூண்டல் என்று வைத்தால், அது 50-ஐ மீதமில்லாமல் வகுப்பதால், கரண்டின் அலை ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து விழுந்து குறையாமல் நிற்கும். விநாடிக்கு 1.3 என்று மாற்றி வைத்தால் கலைந்து போகும். வாங்குகிற மெஷினில் இந்த எண்ணை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

ஸ்டிமுலேட்டர் என்கிற தூண்டல் கருவியையும் இதே ஆச்சியின் காலில் சோதித்தேன். விளம்பரத் தாளில் எல்லோரும் 100 மில்லி ஆம்பியர் என்று போடுகிறார்கள். வெடித்த, காய்ந்த, வீங்கிய தோலில் அந்த மின்னோட்டத்தை நிஜமாகத் தள்ள வோல்டேஜ் வேண்டும். "எத்தனை ஓம் தடைக்கு எதிரே 100?" என்று கேளுங்கள். கேள்வி புரியாத விற்பனையாளர் அவருடைய பொறியாளரிடம் போனில் கேட்டுச் சொல்லட்டும். தூண்டலின் நேர அளவை 1 மில்லி விநாடி வரை நீட்ட முடிய வேண்டும். கான்ஸ்டன்ட் கரண்ட் வகையாக இருக்க வேண்டும்; தோல் மாறினாலும் அது தருகிற மின்னோட்டம் மாறாது. தூண்டலைக் கூட்டக் குறைக்கக் கைப்பிடியிலேயே ஒரு திருகு இருந்தால் பெரிய வசதி. என் மெஷினில் இருக்கிறது. ஒரு கையால் ஸ்டிமுலேட்டரை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் நோயாளியின் காலைப் பிடித்துக்கொண்டு, கீபோர்டை எந்தக் கையால் தட்டுவது?

சேனல் எத்தனை என்று எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இரண்டு போதும். கிளினிக்கில் செய்கிற வேலைக்கு நாலு சேனல் தேவைப்பட்ட நாள் எனக்கு வரவில்லை. அந்தப் பணத்தை நல்ல கேபிளுக்குச் செலவழிக்கலாம்.

அடுத்தது குளிர். குற்றாலத்துக்குப் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஜூலை மாதம். சாரல் ஊரெல்லாம் அடிக்கிறது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா, முந்தின நாள் வந்த விருந்தாளிகளோடு காலையில் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு, எண்ணெய் தேய்த்து மசாஜும் செய்துகொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நேரே என்னிடம் வந்தார். கை மரத்துப் போகிறது என்பது புகார். மணிக்கட்டில் தூண்டி, 7 சென்டிமீட்டர் தள்ளிப் பெருவிரல் மேட்டில் பதிவு செய்தேன். 4.9 மில்லி விநாடி. 4.4-க்கு மேல் போனால் தாமதம். கார்பல் டனல், அதாவது மணிக்கட்டு நெருக்கம், என்று எழுதக் கை போய்விட்டது. ரிப்போர்ட்டில் தோல் வெப்பம் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்துத்தான் நின்றேன். அளந்தால் 28 டிகிரி.

நரம்பு குளிர்ந்தால் மெதுவாகும். ஒரு டிகிரி குறைந்தால் வேகத்தில் விநாடிக்கு 2 மீட்டர் அளவுக்குக் குறையும், மணிக்கட்டுத் தாமதம் 0.2 மில்லி விநாடி அளவுக்குக் கூடும். கை 32 டிகிரியாவது இருக்க வேண்டும். சுடுதண்ணீர் வாளியில் கையை வைக்கச் சொல்லி, சோப்பு போட்டு எண்ணெயைப் போக்கி, துடைத்து, போர்வைக்குள் வைத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்ப எடுத்தேன். 4.1. நரம்பு நன்றாக இருந்தது. அவருக்கு இருந்தது கழுத்துத் தொந்தரவு. முதல் எண்ணை நம்பி எழுதியிருந்தால் ஒரு நல்ல மணிக்கட்டைக் கத்திக்கு அனுப்பியிருப்பேன். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதனால் மெஷினோடு தோல் வெப்பம் அளக்கும் சென்சார் வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் தனியாக ஒன்று வாங்குங்கள். கொரோனா காலத்தில் எல்லோரும் வாங்கிய நெற்றி வெப்பமானி சும்மா கிடக்குமே என்று அதை எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது உடல் வெப்பத்துக்கான நிலையில் இருந்தால் கணக்குப் போட்டுக் கூட்டித்தான் காட்டும், குளிர்ந்த கையில் எண்ணே காட்டாமல் 'லோ' என்று நின்றுவிடும். மேற்பரப்பு வெப்பம் காட்டும் நிலைக்கு மாற்றி வைக்க வேண்டும். இன்னொன்று, உணர்ச்சி மரத்த சர்க்கரைக் காலை ஒருபோதும் நோயாளியின் வார்த்தையை நம்பிச் சுடுநீரில் இறக்காதீர்கள். அவருக்குச் சூடு தெரியாது. தண்ணீரில் முதலில் இறங்க வேண்டியது நம் முழங்கை.

குளிரின் தொல்லைக்கு உடம்புக்குள்ளேயே ஒரு மருந்தும் இருக்கிறது. மோதிர விரலுக்கு மீடியன் நரம்பும் போகிறது, அல்நார் நரம்பும் போகிறது. இரண்டையும் ஒரே தூரத்தில் தூண்டி, அந்த ஒரே விரலில் பதிவு செய்தால், குளிர் இரண்டையும் ஒரே மாதிரிதான் பாதிக்கும். வித்தியாசம் அரை மில்லி விநாடியைத் தாண்டினால் மணிக்கட்டில் நெருக்கம் உண்டு என்று தைரியமாகச் சொல்லலாம். பீடிக் கைகளுக்கு நான் இதைத் தவறாமல் செய்கிறேன். இதை மெஷினில் ஒரே திரையில் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட முடிகிறதா என்பதும் வாங்குமுன் பார்க்க வேண்டிய விஷயம்.

தானாகவே ரிப்போர்ட் எழுதும் மென்பொருள் பற்றி விற்பனையாளர்கள் ரொம்பப் பேசுவார்கள். அலை எங்கே தொடங்குகிறது என்று மெஷின் தானே கோடு போடும், எண்ணைக் கணக்கிடும், 'நார்மல்' என்றும் எழுதும். நான் பார்த்தவரை, நல்ல அலைக்கு அது சரியாகத்தான் போடுகிறது. சிக்கலான அலையில் தூண்டலின் மிச்ச அதிர்வையே அலை என்று பிடித்துவிடுகிறது. நமக்குச் சிக்கலான அலைக்குத்தானே உதவி வேண்டும். கோட்டை நகர்த்தும் உரிமை நம்மிடம் இருக்க வேண்டும், அசல் அலைகள் அப்படியே சேமிக்கப்பட வேண்டும். சந்தேகமான அலைகளை நான் திருநெல்வேலியில் உள்ள நரம்பியல் மருத்துவர் ஒருவருக்கு அனுப்புகிறேன். அவருக்கு என் முடிவு வேண்டாம், அலை வேண்டும். எண்களை மட்டும் அச்சடிக்கும் மெஷினால் இது முடியாது.

உள்ளங்கை அளவில் வருகிற கருவிகளும் உண்டு. அமெரிக்காவில் நியூரோமெட்ரிக்ஸ் என்கிற நிறுவனம் கொண்டுவந்த டி.பி.என்.செக் மாதிரியானவை. காலில் வைத்தால் சூரல் நரம்பின் வேகத்தையும் உயரத்தையும் சொல்லிவிடும். சர்க்கரை முகாமில் நூறு பேரைச் சலித்தெடுக்க அது பிரயோஜனம். ஆனால் பீடி சுற்றும் அக்காவின் மணிக்கட்டையோ, விழுந்துபோன பாதத்தையோ அதை வைத்துப் பிரித்தறிய முடியாது. லேப்டாப்போடு இணையும் சிறு பெட்டி வகைதான் கிளினிக்குக்குச் சரி. இந்தியாவில் ஆர்.எம்.எஸ். செய்கிறது, ரஷ்யாவின் நியூரோசாஃப்ட் செய்கிறது, இன்னும் பலர் செய்கிறார்கள். பெயரைப் பார்த்து நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ஆச்சியின் காலைப் பார்த்துத்தான் செய்வேன்.

தூக்கிப்போகும் மெஷின் என்கிற வார்த்தைக்கு வருகிறேன். பெட்டி ஒரு கிலோவோ இரண்டு கிலோவோதான். ஆனால் லேப்டாப், ஸ்டிமுலேட்டர், கேபிள்கள், எலக்ட்ரோடு, ஜெல், ஸ்பிரிட், பஞ்சு, ஒட்டு டேப், அளவு டேப், வெப்பமானி, துண்டு, பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் எல்லாம் சேர்ந்தால் பள்ளிக்கூடப் பை இரண்டு ஆகிவிடும். முதலில் பழுதாவது பெட்டியில்லை, கேபிள்தான். அதுவும் பின்னோடு சேரும் கழுத்துப் பகுதி. எலக்ட்ரோடு கேபிள் இரண்டு செட் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் போகிற யு.எஸ்.பி. கம்பி ஆட்டினால் இணைப்பு அறுகிறதா என்று செயல்விளக்கத்திலேயே ஆட்டிப் பாருங்கள். மென்பொருளுக்கான டாங்கிள் ஒன்று தருவார்கள், கட்டைவிரல் நகமளவு. தொலைந்தால் மெஷினே கல்தான். நான் அதைக் கயிற்றில் கட்டி பையின் ஜிப்போடு முடிந்து வைத்திருக்கிறேன்.

பழுதானால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். என் முதல் வருடத்திலேயே ஸ்டிமுலேட்டர் நின்றுவிட்டது. போனில் நாளை நாளை என்றார்கள். பிறகு வடக்கே அனுப்ப வேண்டும் என்றார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தால், கேபிளும் ஸ்டிமுலேட்டரும் ஏ.எம்.சி. என்கிற வருடாந்திரப் பராமரிப்பில் சேராது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. ஆறு வாரம் மெஷின் மேசையில் சும்மா கிடந்தது. சீட்டு எழுதிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிடுகிற பழைய கதைக்கே திரும்பினேன். இப்போது யார் கேட்டாலும் மூன்று வரிகளை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்கிறேன்: ஸ்டிமுலேட்டரும் ப்ரீ-ஆம்ப்ளிஃபயரும் ஏ.எம்.சி.யில் சேரும், எத்தனை நாளுக்குள் ஆள் வருவார், பழுது நீளும் பட்சத்தில் மாற்று மெஷின். மதுரையிலோ திருநெல்வேலியிலோ சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்பதை, பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு விடாமல், அவர் ஏற்கெனவே சரிசெய்து கொடுத்த மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் எல்லாமே சட்டப்படி மருந்துக் கட்டுப்பாட்டின் கீழ் வந்துவிட்டன. உரிமம் எண் லேபிளில் இருக்க வேண்டும்.

ஊசி பற்றிச் சுருக்கமாக. இ.எம்.ஜி. ஊசியை ஒருவருக்கு ஒன்று என்றுதான் பயன்படுத்த வேண்டும். ஒன்று சில நூறு ரூபாய். இந்தச் செலவை முதலிலேயே கட்டணத்தில் சேர்த்துக் கணக்கிடாதவர்கள்தான் பின்னால் ஊசியைக் கழுவி எடுத்து வைக்கத் தொடங்குகிறார்கள். பயன்படுத்தியது நேரே துளைபடாத வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டும். மெஷின் எந்த நிறுவனத்தின் ஊசியையும் ஏற்குமா, தன்னுடைய விலை கூடின ஊசியை மட்டும் கேட்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களிடமும், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களிடமும் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

மெஷின் வந்த பிறகு எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கத் தோன்றும். கடனும் இருக்கிறதல்லவா. பாதம் எரிகிறது என்று வருகிற சர்க்கரைக்காரர்கள் பலருக்கு மெல்லிய நரம்பிழைகள்தான் பாதிக்கப்பட்டிருக்கும். இந்தச் சோதனை அவற்றைப் பார்க்காது, எல்லாம் நார்மல் என்று வரும். அவர்களுக்குக் குத்தல் உணர்வையும் சூடு, குளிர் உணர்வையும் சோதித்துப் பார்த்தாலே போதும். அதே மாதிரி, தொட்டுப் பார்க்காமல் மெஷினைத் தொடக் கூடாது. முழங்கைக்குப் பின்னால் அல்நார் நரம்பு கயிறு மாதிரி தடித்திருப்பதும், தோலில் உணர்ச்சியில்லாத ஒரு வெளிறிய படையும் தொழுநோயைச் சொல்லிவிடும். அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், சீக்கிரம் போனால் கை பிழைக்கும். அப்படி ஒரு கல்லூரிப் பையனை என் விரல்தான் முதலில் கண்டுபிடித்தது. மெஷின் பின்னால்தான் ஒத்துக்கொண்டது.

எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். நரம்பு அடிபட்ட மறுநாள் எடுத்தால், அடிபட்ட இடத்துக்குக் கீழே அறுந்த நரம்பும் உயிரோடு இருக்கிற மாதிரியே அலை தரும். அது அடங்க ஒரு வாரம், உணர்ச்சி நரம்புக்குப் பத்து நாளுக்கு மேல். ஊசிச் சோதனையில் தசை மாற்றம் தெரிய மூன்று வாரம். அவசரப்பட்டுப் பார்த்து நல்ல செய்தி சொல்லி, பிறகு விழுங்க முடியாமல் நிற்கக் கூடாது.

சென்ற வருடம் ஒரு அம்மா வந்தார். சின்ன வெங்காயத்துக்குக் களையெடுக்கப் போனவர். "நாலு நாள் குத்த வச்சே இருந்தேன். அஞ்சாம் நாள் செருப்பு கால்ல நிக்க மாட்டேங்கு" என்றார். வலது பாதம் தொங்கியது. வீட்டில் வாதம் என்று பயந்திருந்தார்கள். முதுகுத்தண்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்ன சீட்டு ஒன்றும் கையில் இருந்தது. பத்து நாள் ஆகியிருந்தது, அதனால் சோதனைக்குச் சரியான சமயம். குத்தவைத்து உட்காரும்போது முழங்காலின் வெளிப்பக்கம், அந்தச் சின்ன எலும்பு முடிச்சுக்குக் கீழே, பெரோனியல் நரம்பு நசுங்கும். மேல்நாடுகளில் ஸ்ட்ராபெரி பறிக்கிறவர்களுக்கு வருவதைப் பார்த்து அவர்கள் பெயரிலேயே ஒரு வாதத்தைச் சொல்லுவார்கள். இங்கே அது வெங்காயக் காட்டில் வருகிறது.

முன்காலின் தசையில் பதிவு வைத்து, முடிச்சுக்குக் கீழே தூண்டினேன். 5.2 மில்லி வோல்ட். நல்ல உயரம். முடிச்சுக்கு மேலே, முழங்காலின் பின்குழியில் தூண்டினேன். 1.3. திரையைத் திருப்பி அவருக்கே காட்டினேன். பெரிய மேடு, அப்புறம் குட்டி மேடு. "நரம்பு அறுந்து போகலைம்மா. இந்த இடத்துல அடைச்சுக்கிட்டு நிக்குது. திறந்துரும்" என்றேன். பாதத்துக்குப் பிடிமானப் பட்டை கொடுத்து, குத்தவைக்காமல் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து வேலை செய்யச் சொன்னேன். எம்.ஆர்.ஐ. சீட்டை மடித்து வைத்துக்கொண்டார்.

இரண்டரை மாதம் கழித்து வந்தபோது இரண்டு செருப்பும் காலில் இருந்தது. அதே இடங்களில், அதே தூரத்தில், கால் 32 டிகிரி இருப்பதைப் பார்த்துக்கொண்டு எடுத்தேன். கீழே 5.3, மேலே 4.8. அச்செடுத்து, பழைய தாளோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன்.